தங்காளைத் திருப்பிக் கொடுங்கள்: பேய்ப்படக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தயாரிப்பாளர், இயக்குநர், இசையமைப்பாளர் மூவருக்கும் வணக்கமுங்க.

போட்ட காசைப் படம் எடுத்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். சந்தோசம். 19 நாள் எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், லைட்டும் வயருமாகக் கிடந்து, எங்கள் அம்மா ஆக்கிப் போட்ட அரிசியும் பருப்பும் சாப்பிட்டு எடுத்த படம். ஓடினால் எங்களுக்கும் பெருமைதான். நான் எழுதுவது, மூன்று முறை போனிலும் ஒருமுறை பதிவுத் தபாலிலும் சொன்ன அதே விசயம். எங்கள் ஊர்ப் பெரியவர் பாடிய குரலைப் பேய்க்கு வைத்திருக்கிற அந்த 40 நொடியை எடுத்துவிடுங்கள். படத்திலிருந்தும், அதை நாலு இடத்தில் வெட்டி ஒட்டியிருக்கிற விளம்பரப் பாட்டிலிருந்தும்.

படப்பிடிப்பு முடிய இரண்டு நாள் இருக்கும்போது உங்கள் சவுண்டுக்காரத் தம்பி வந்து, "ஊரில் பழைய பாட்டுத் தெரிந்தவங்க யாராவது இருக்காங்களா அண்ணா, சும்மா பதிஞ்சு வெச்சுக்கறேன்" என்றார். உடுக்கை அடித்துக் கதை பாடுகிற பெரியவர், நாங்கள் உடுக்கை அப்பாரு என்போம், அவரை என் வண்டியில் உட்கார வைத்துக் கூட்டி வந்தவன் நான். அந்தப் பாவம்தான் இப்படி உட்கார்ந்து எழுத வைக்கிறது. தூணில் சாய்ந்து உட்கார்ந்தவர், மயிர் உறை போட்ட உங்கள் மைக்கைப் பார்த்து, "இதென்ன கண்ணு, கீரிப்பிள்ளையப் புடிச்சுக் குச்சியில கட்டியிருக்கறீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் உடுக்கையின் இடுப்புக் கயிற்றுக்குள் இடது கை விரல்களை நுழைத்தார். கயிற்றை அமுக்கினால் ஒலி ஏறும், விட்டால் இறங்கும். அவர் கையில் அது ஆள் விம்முகிற மாதிரியே கேட்கும். எங்கள் பக்கத்து அண்ணன்மார் கதையில், களத்தில் செத்துக் கிடக்கிற அண்ணன்மாரைத் தங்கச்சி தங்காள் கூப்பிட்டு எழுப்புகிற படுகளத்தைப் பாடினார். பாடி முடித்ததும் ஒரு துண்டும் 500 ரூபாயும் கொடுத்தீர்கள். துண்டுச் சீட்டில்கூடக் கையெழுத்து வாங்கவில்லை. எதற்கு என்றும் சொல்லவில்லை.

அந்தக் குரலை மெதுவாக ஓடவிட்டு, கனமாக்கி, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி எதிரொலி சேர்த்து, உங்கள் பேய்க்கு வைத்துவிட்டீர்கள். டைட்டிலில் 'பாரம்பரியப் பாடல்' என்று ஒரு வரி. பாரம்பரியம் என்பவருக்கு ரேஷன் அட்டை கிடையாது, அவரிடம் யாரும் அனுமதி கேட்கவும் வேண்டியதில்லை. எங்கள் அப்பாருவுக்கு ரேஷன் அட்டை இருக்கிறது. வீடு இருக்கிறது. நீங்களே வாசல் வரைக்கும் போயிருக்கிறீர்கள்.

போன மாதம் எங்கள் ஊர் நோம்பியில், அதாவது திருவிழாவில், நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ராத்திரி 11 மணி. படுகளத்தில் ஆறு பேர் செத்தவர்கள் மாதிரி விழுந்து கிடக்கிறார்கள், பாட்டுத்தான் அவர்களை எழுப்ப வேண்டும், மேலே வெள்ளை வேட்டி போர்த்தியிருக்கிறது. அப்பாரு உடுக்கையை எடுத்து, "அண்ணா" என்று முதல் குரல் கொடுத்தார். பின்னாலிருந்து பத்துப் பன்னிரண்டு பையன்கள் உங்கள் படத்துப் பேய் மாதிரியே ஊளையிட்டார்கள். ஒருவன் செல்போன் டார்ச்சை மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவன் வீடியோ எடுக்கிறான். முன்னால் உட்கார்ந்திருந்த என் தங்கச்சி மகள், ஐந்து வயசு, "பேய்த் தாத்தா" என்று வீறிட்டுக்கொண்டு ஓடினாள். அவர் மடியில் உட்கார்ந்து கச்சாயம் தின்று வளர்ந்த பிள்ளை அது.

அவர் நிறுத்திவிட்டார். கயிற்றுக்குள்ளிருந்து ஒவ்வொரு விரலாக உருவினார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் பாட்டைப் பாதியில் விட்டதைப் பார்த்ததில்லை. விழுந்த ஆறு பேரும் அப்படியே கிடக்கிறார்கள், எழுப்பப் பாட்டு இல்லை. கடைசியில் பூசாரி தீர்த்தம் தெளித்து எப்படியோ எழுப்பிவிட்டார். எழுந்தவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு ஆணியில் மாட்டிய உடுக்கை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்த பக்கத்து ஊர்க்காரர்கள், "பையனுங்க தொந்தரவா இருக்கும், அடுத்த வருசம் பாக்கலாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் என்ன பாட்டை எடுத்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். பொன்னரும் சங்கரும் களத்தில் செத்துக் கிடக்கிறார்கள். தங்கச்சி, எங்கள் பக்கம் தங்காள் என்போம், தேடிக்கொண்டு வந்து, பெரியக்காண்டியம்மன் துணையோடு அண்ணன்மாரை எழுப்புகிறாள். கொஞ்ச நேரத்துக்குத்தான். எழுந்து நாலு வார்த்தை பேசிவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது இந்தப் படுகளத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறோமே, அதே இடம். உங்கள் படத்திலும் செத்தவர் எழுந்து வருகிறார், எங்கள் பாட்டிலும் எழுந்து வருகிறார். எழுகிறவரைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் ஓடியதில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் இருங்க சாமி" என்றுதான் பொம்பளைகள் அழுவார்கள். எங்கள் ஆத்தா, தாத்தா செத்த வருசம், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு விடிய விடிய அந்தப் பாட்டைக் கேட்டார்.

இதே கதையை 1965இல் பிரெண்டா பெக் என்ற ஆராய்ச்சியாளர், கடல் தாண்டி வந்து, காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, பல ராத்திரி டேப்பில் பதிந்தார். பாடியவர் ராமசாமி என்று இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. அந்த அம்மா எழுதி வைத்ததால்தான் தெரிகிறது. தமிழ் பேசுகிற உங்களுக்குப் 'பாரம்பரியம்' போதுமாக இருந்திருக்கிறது.

உங்கள் மேனேஜர் போனில், "சின்ன பட்ஜெட் படம் சார், வேணும்னா 5,000 தர்றோம், பேரும் போட்டுடறோம்" என்றார். பட்ஜெட் இல்லை என்றால் இருட்டில் எடுக்கலாம், நடிகர்களுக்கு மேக்கப்பைக் குறைக்கலாம், அதெல்லாம் செய்தீர்கள். அடுத்தவர் தொண்டையை எடுப்பது எந்தக் கணக்கில் வரும்? 1957ஆம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 38பி பிரிவை உங்கள் வக்கீலிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பாடியவர் பாடியதை அவர் மரியாதை கெடும்படி உருமாற்றினால் தடுக்கவும் நஷ்டஈடு கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. கோர்ட்டுக்கு அலைய அவருக்கு வயசும் இல்லை, எனக்குத் தோதும் இல்லை. அதனால்தான் மடல்.

கோபத்தோடு கோபமாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உடுக்கை, எலுமிச்சம்பழம், குங்குமம், சாமியாடி. இந்த நாலையும் பார்த்தாலே உங்கள் ஆட்களுக்குப் பேய் வந்துவிடுகிறது. நாங்கள் குலசாமியைக் கூப்பிடுகிற சத்தம் உங்களுக்குப் பேயைக் கூப்பிடுகிற சத்தம். சினிமா தெரியாத பட்டிக்காடு என்று எங்களை நினைக்க வேண்டாம். 1914லேயே சாமிக்கண்ணு வின்சென்ட் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டிப் படம் காட்டிய சீமை இது. பேய்ப்படம் நாங்களும் விரும்பித்தான் பார்க்கிறோம்.

எங்கள் பெரியப்பாவின் தொட்டிக்கட்டு வீட்டைப் பேய்வீடு என்று காட்டினீர்களே, அதுவும் இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற மகன் வீட்டுக்குப் பெரியப்பா போய்விட்டதால் பூட்டிக் கிடக்கிற வீடு. உள்ளே வௌவால் உண்டு, வேறொன்றும் இல்லை. சனிக்கிழமை ராத்திரியானால் பைக்கில் வந்து ஓட்டின் மேல் கல் விடுகிறார்கள், மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டின் கிளுவை வேலியைப் பிரித்துக்கொண்டு போகிறார்கள். 1999இல் அமெரிக்காவில் மூன்று மாணவர்கள் காட்டில் காணாமல் போனதாக ஒரு சின்ன பட்ஜெட் பேய்ப்படம் வந்தபோது, மேரிலாந்தில் பர்கிட்ஸ்வில் என்ற சின்ன ஊரின் பெயர்ப்பலகையையே ரசிகர்கள் பிடுங்கிக்கொண்டு போனார்களாம். எங்கள் ஊர்ப் பலகை இன்னும் நிற்கிறது. ஓட்டை நாங்கள் மாற்றிக்கொள்கிறோம், வேலியையும் கட்டிக்கொள்கிறோம். அதற்காக உங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

கேட்பது அந்த 40 நொடிதான். உங்கள் 5,000 ரூபாய் விசயத்தை அப்பாருவிடம் சொன்னேன். "காசும் வேண்டாம், பேரும் வேண்டாம் கண்ணு. தங்காளைத் திருப்பிக் குடுக்கச் சொல்லு" என்றார். ஆகவே உங்களைத் தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குரலை எடுத்துவிட்டு, பேய்க்கு வேறு யாரையாவது கூலி கொடுத்துக் கத்தச் சொல்லுங்கள். மாசி மாதத்துக்குள் செய்தால் உதவியாக இருக்கும்.

நேரில் வந்து பேசுவதானாலும் வாங்க. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வாங்க, அவர் தூங்கி எழுந்திருப்பார். சாப்பாடு எப்போதும்போல எங்கள் வீட்டில்தான். மைக்கை மட்டும் வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஆசாரம் கொடுத்த வீட்டுக்காரன்,
காங்கேயம் பக்கம்