மண்ணுக்கு ஒரு அப்பா

ஆசிரியருக்கு,

சிறுவர் பக்கத்தில் எகிப்தியத் தெய்வக் கதை படித்தேன். ஒசைரிஸ், ஐசிஸ் எல்லாம் வந்தார்கள். அவர்களைப் பெற்ற கெப்புக்கு ஒரு வரிகூட இல்லையே! அவர்தான் மண். பூமித்தாய் என்றே சொல்லிப் பழகிய எங்கள் தோவாளைப் பக்கம், மண் ஆண், வானம் பெண் என்றால் பேத்தி நம்ப மறுக்கிறாள். மழை அரிதான அந்த நாட்டில் தண்ணீர் நைல் வெள்ளமாக மண்மேல்தானே வந்தது? அதனால் நீர் தரும் மண் ஆண் என்பது எனக்கென்னவோ பொருத்தமாகத்தான் படுகிறது.

கெப் கீழே படுத்திருப்பார். மனைவி நூத், அதாவது வானம், மேலே வில்லாக வளைந்திருப்பாள். நடுவில் இருவருக்கும் தகப்பனான காற்றுத் தெய்வம் ஷூ அவளைத் தாங்கிப் பிடித்து இருவரையும் பிரிப்பார். கெப் சிரித்தால் நிலநடுக்கமாம். தலையில் வாத்து வேறு!

அப்புறம், ஒசைரிஸின் மகன் ஹோரஸ், தம்பி சேத் இருவரின் வாரிசுச் சண்டைக்கு நடுவரும் அவரே. முதலில் நாட்டை இரண்டாகப் பங்குவைத்தவர், பிறகு மனம் மாறி முழுவதையும் ஹோரஸுக்கே கொடுத்ததாக எகிப்து அரசர் ஷபாகாவின் கல்வெட்டு சொல்கிறது. கல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் படத்தோடு போடுங்கள்.

– பூ விவசாயி, தோவாளை, கன்னியாகுமரி மாவட்டம்