புகார் கடிதம்: மலை உயரத்தைக் கணக்கில் கொள்ளாத டி.ஓ. மீட்டர்

அனுப்புநர்:
தர மேலாளர்,
நீர்ப் பரிசோதனைக் கூடம்,
உதகமண்டலம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
ஆய்வகக் கருவிகள் விற்பனை நிறுவனம்,
சென்னை.

பொருள்: கரைந்த ஆக்சிஜன் அளவியின் தவறான அளவீடு, கருவியை மாற்றித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களிடம் நாங்கள் வாங்கிய டி.ஓ. மீட்டர், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை உண்மை அளவைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் காட்டுகிறது. தொலைபேசியில் பலமுறை சொல்லியும் பயனில்லாததால் எழுத்து மூலம் தெரிவிக்கிறோம்.

காய்ச்சி வடித்த நீரில் காற்றை நன்றாகச் செலுத்தி, 20 டிகிரி செல்சியஸில் நிறைசெறிவு (இதற்கு மேல் ஆக்சிஜன் கரையாத நிலை) அடையவிட்டு அளந்தால், தங்கள் கருவி லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் என்று காட்டுகிறது. இது கடல் மட்டத்துக்குரிய அட்டவணை மதிப்பு. உதகமண்டலமோ சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கு காற்றழுத்தம் 760 அல்ல, ஏறக்குறைய 580 மில்லிமீட்டர் பாதரசம்தான். அழுத்தம் குறையும்போது நீர் ஏற்கும் ஆக்சிஜனும் குறையும் என்பதால், அதே 20 டிகிரியில் அந்த நீரில் 6.9 மில்லிகிராமுக்கு மேல் இருக்க வழியில்லை. அதே நீரை 300 மி.லி. பி.ஓ.டி. பாட்டில்களில் (ஆக்சிஜன் சோதனைக்கான மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகள்) குமிழியின்றி நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் காரத்தன்மையுள்ள அயோடைடு-அசைடு கரைசலும் சேர்த்து, அமிலமிட்டு, தயோசல்பேட்டால் டைட்ரேஷன் (கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து அளக்கும் முறை) செய்து பார்த்தோம், கிடைத்தது 6.9. வேதியியலர் வின்க்லர் 1888இல் வெளியிட்ட முறையின் திருத்திய வடிவமான இது, நீரில் இருக்கும் ஆக்சிஜனுக்கு ஈடாக வெளிப்படும் அயோடினை நேரடியாக அளப்பதால், ஊர் எந்த உயரத்தில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

தங்கள் சேவைப் பொறியாளர் நேரில் வந்து, புரோப்பின் (நீரில் அமிழ்த்தும் உணர்முனை) மெம்பரேனையும் (மெல்லிய சவ்வு) மின்பகு கரைசலையும் மாற்றி, அதற்குக் கட்டணமும் வாங்கிச் சென்றார். ஆக்சிஜனை முற்றிலும் நீக்கிவிடும் சோடியம் சல்பைட்டு கரைசலில் வைத்தால் கருவி பூஜ்யம் காட்டுகிறது என்று அவர் வருவதற்கு முன்பே நாங்கள் கூறியிருந்தோம். பூஜ்யத்தில் சரியாகவும் நிறைசெறிவில் மட்டும் தவறாகவும் நிற்கும் கருவிக்கு முதலில் பார்க்க வேண்டியது மெம்பரேனை அல்ல, கேலிபரேஷனுக்கு (கருவியைத் தெரிந்த மதிப்புக்குச் சரிசெய்வதற்கு) எடுத்துக்கொள்ளும் அழுத்த மதிப்பைத்தான். விற்பனைக் கையேட்டில் "தானியங்கி அழுத்தத் திருத்தம்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கருவியிலோ அழுத்தமானியே இல்லை. அழுத்தத்தைக் கையால் உள்ளிடலாம் என்றால், 650 மில்லிமீட்டருக்குக் கீழான எண்ணை அது ஏற்க மறுக்கிறது. உதவி மையத்தைக் கேட்டபோது, கைபேசியின் வானிலைச் செயலியில் வரும் அழுத்தத்தை உள்ளிடுமாறு கூறினார்கள். அங்கு தரப்படுவது வழக்கமாகக் கடல் மட்டத்துக்குச் சரிசெய்யப்பட்ட அழுத்தம். அதை உள்ளிட்டால் பழைய பிழையே திரும்ப வரும். இங்கு குக்கர் இல்லாமல் பருப்பு வேக வைத்துப் பார்த்த எவருக்கும் இந்த ஊரின் காற்றழுத்தம் என்னவென்று புரியும். அளவீட்டுக் கருவி விற்பவர்களுக்கு அதை நாங்கள் விளக்க வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

இது வெறும் எண் பிசகு அல்ல. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பயன்பாட்டு வகைப்பாட்டில், கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத்தக்க 'அ' (A) பிரிவு நீர்நிலைக்குக் குறைந்தது 6 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். வழக்கமான சுத்திகரிப்புக்குப் பின்னரே குடிக்கத்தக்க 'இ' (C) பிரிவுக்கு 4 போதும். உண்மையில் 4.6 உள்ள ஓடை நீரைத் தங்கள் கருவி 6.1 என்று காட்டும். ஆக்சிஜனைப் பொறுத்தவரை 'இ' பிரிவில் நிற்க வேண்டிய நீர் 'அ' பிரிவுக்கு ஏறிவிடுகிறது. அத்தகைய அறிக்கையில் கையொப்பமிட நாங்கள் தயாராக இல்லை. தாங்கள் அளித்த கேலிபரேஷன் சான்றிதழ் சென்னையில் எடுக்கப்பட்டது; அதில் அழுத்தம் எவ்வளவு என்ற குறிப்பே இல்லை. சென்னையில் அந்தக் கருவி சரியாகக் காட்டியிருக்கும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

எனவே, உள்ளமைந்த அழுத்தமானி கொண்ட வேறு கருவியைத் தர வேண்டும். இயலாவிட்டால் முழு விலையையும் திருப்பித் தர வேண்டும். தேவையின்றி மாற்றிய மெம்பரேனுக்கு வாங்கிய கட்டணத்தையும் சேர்த்தே கேட்கிறோம். புதிய கருவியின் கேலிபரேஷனை எங்கள் ஆய்வகத்திலேயே, வின்க்லர் முறையுடன் ஒப்பிட்டு, எங்கள் வேதியியலர் முன்னிலையில் செய்ய வேண்டும். அதுவரை எல்லா மாதிரிகளையும் டைட்ரேஷன் மூலமே சோதித்து வருகிறோம். அதற்கான ரசாயனச் செலவின் விவரத்தைத் தங்கள் பதில் கிடைத்ததும் அனுப்பி வைப்போம்.

இப்படிக்கு,
தர மேலாளர்

இணைப்பு: விலைப்பட்டியல் நகல், ஒப்பீட்டு அளவீடுகள், சேவைக் கட்டண ரசீது.