ஊராட்சித் தலைவராக நிற்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்து ஊராட்சிகளில் தலைவர் பதவிக்குப் போட்டியிட விரும்பும் அனைவருக்கும் வணக்கம்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, நம் ஊராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. வாக்குக் கேட்டு வரும்போது சாலை, குடிநீர், தெருவிளக்கு பற்றி எல்லோரும் பேசுவீர்கள். ஊரே நிலைகுலையும் நாளில் மக்களை எப்படி வழிநடத்துவீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது, 1937 அக்டோபர் 1ஆம் தேதி, நம் மாவட்டத்தில்தான். கள் இறக்கியவர்களின் பிழைப்பு, கடையை ஏலம் எடுத்தவர்களின் முதல், அரசின் கலால் வருவாய், உழைத்துக் களைத்தவர்களின் மாலைப்பொழுது என எத்தனையோ ஒரே நாளில் புரண்டுபோன அந்த மாற்றத்தை மாவட்டம் தாங்கிக்கொண்டதற்குச் சட்டத்தின் கடுமை மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. முதலமைச்சர் நாற்காலியில் இருந்த ராஜாஜி, 1917இல் சேலம் நகராட்சிக்குத் தலைவரானவர். அன்றைய சேலம் மாவட்டத்தின் பகுதியான திருச்செங்கோட்டுப் பக்கம் 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கி, நூற்பு வேலை கொடுத்து, குடியின் கேட்டைப் பேசிவந்தவர். 1929இல் அதற்கென்றே 'விமோசனம்' என்ற இதழும் தொடங்கப்பட்டது. ஆணை பிறப்பதற்குப் 12 ஆண்டுகளுக்கு முன்பே பேச்சு தொடங்கிவிட்டது. போன வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்ததும் அதே அமைச்சரவைதான். உலகப் போர்க் காலத்தில் அந்த மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. மதுவிலக்கு சரியா தவறா என்ற வழக்கை நான் இங்கே நடத்த வரவில்லை.

அதே தலைவர் அதே ஆட்சியில் 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். அதை எதிர்த்துப் போராடி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். அவர்களில் நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைவாசத்தின்போது உயிரிழந்தனர். 1940 பிப்ரவரியில், அவர் பதவி விலகிய பின், ஆளுநர் ஆட்சியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ராஜாஜிக்கு அறிவும் உறுதியும் இரண்டு முறையும் குறைவில்லை. முதல் முறை மக்களிடம் பல ஆண்டுகள் போய்ப் பேசியிருந்தார். இரண்டாம் முறை அந்தப் பேச்சு நடக்கவில்லை என்பதே என் கணிப்பு.

பழங்கதை வேண்டாம் என்பீர்களானால், 2018ஐ நினைத்துப் பாருங்கள். சென்னை - சேலம் எட்டு வழிச்சாலைக்காக, 277 கி.மீ. நீளத்துக்கு, காவல்துறையின் துணையோடு வயல்களில் அளவுக்கல் நட்டார்கள். மஞ்சவாடிக் கணவாயிலிருந்து பூலாவரி வரை, பயிர் நின்ற நிலத்தில் கல் இறங்கியபோது குறுக்கே விழுந்து அழுத பெண்களை நாம் மறக்கவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் 'எங்களுக்கு என்ன வழி?' என்பதுதான். அதைக் காதில் வாங்கி மேலிடத்துக்குக் கொண்டுபோக ஊராட்சித் தலைவர் என்று ஒருவர்கூட அப்போது இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல், அன்றும் தனி அலுவலர்கள்தான் இருந்தார்கள். கடைசியில் கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஏப்ரல் 8ஆம் தேதி உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் அனுமதி பெற்று மேற்கொண்டு செல்லலாம் என்றது. இத்தனைக்கும் நடுவில் அந்த நிலத்துக்காரர்கள் தென்னங்கன்று வைக்கலாமா, மகள் கல்யாணத்துக்கு நிலத்தை அடகு வைக்க முடியுமா என்று தெரியாமல் இருந்தார்கள்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30ஆம் தேதி கரையைக் கடந்தபின் பெய்த மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து, போக்குவரத்து நின்றது. பாதையை மூடியது சரியான முடிவு. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் யார் உயிரையும் பணயம் வைக்கக் கூடாது. ஆனால் அடிவாரப் பாதை மூடிய நாளில் மாற்றுப் பாதையான குப்பனூர் வழியும் அடைபட்டால், வலி கண்ட பெண்ணைச் சேலம் அரசு மருத்துவமனைக்கு எப்படிக் கொண்டுபோவது? காப்பித் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறவர் வேலையில்லாத வாரத்தில் அடுப்பெரிக்க யாரிடம் கடன் கேட்பது? சரிவுக்கு அந்தப்புறம் உள்ள மலையாளி என்னும் பழங்குடி மக்களுக்கு ரேஷன் அரிசி எப்போது போய்ச் சேரும்? மூடும் ஆணை வந்த அன்றே இதற்கெல்லாம் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவர் தெரியாததைத் தெரியாது என்று சொன்னால்கூட மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆள் முகமே காட்டாத இடத்தில் வாட்ஸ்அப் வதந்திதான் ஊரை நடத்தும்.

ஆகவே உங்களிடம் எங்கள் கோரிக்கை சிறியது. ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வரும் அக்டோபர் 2ஆம் தேதிக் கூட்டத்தில், மேலே கேட்டவற்றை ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் எடுத்துப் பேசி, யார் எதற்குப் பொறுப்பு என்பதைப் பெயரோடு தீர்மானத்தில் எழுதி, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். இதைச் செய்வதாக நோட்டீஸில் அச்சடித்துத் தருகிற வேட்பாளர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசலாம்.

இப்படிக்கு,
ஏற்காட்டு அடிவாரத்து வாக்காளர் ஒருவர்