கிழிந்த தோணி

தம்பி,

ராணுவ கேம்பிலிருந்து புக்-அவுட் ஆகி வெளியே வந்ததும் பாட்டி வீட்டில் சாப்பிட்டுவிட்டு அப்படியே கேம்புக்குத் திரும்பிவிட்டாயாமே. இருக்கட்டும்.

நீ பாதியில் விட்ட 'காக்கிள்ஷெல் ஹீரோஸ்' (1955) படத்தை முடித்துவிட்டேன். படத்தை விடு, நடந்ததைக் கேள். 1942 டிசம்பரில் பிரிட்டனின் டூனா நீர்மூழ்கியிலிருந்து ஆறு மடக்குத் தோணிகள், ஜெர்மானியர் பிடித்திருந்த பிரான்சின் போர்தோ துறைமுகக் கப்பல்களில் காந்தக் குண்டு ஒட்டக் கிளம்பின. வெளியே எடுக்கும்போதே ஒரு தோணி உரசிக் கிழிந்தது. அதிலிருந்த இருவரும் வரவேண்டாம் என்று தலைவர் ஹாஸ்லர் சொல்லிவிட்டார். மிச்சப் பத்துப் பேர் போனார்கள். முகத்துவார நீரோட்டம் ஒரு தோணியைக் கவிழ்த்தது, இருவர் குளிரில் இறந்தார்கள், பிடிபட்ட ஆறு பேரை ஜெர்மானியர் சுட்டார்கள். போனவர்களில் ஹாஸ்லரும் ஸ்பார்க்ஸும்தான் ஊர் திரும்பினார்கள். நின்றுவிட்ட இருவரைக் கோழை என்பாயா?

நம் சிங்கப்பூரில் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்க லயன் தலைமையில் வந்த ஆபரேஷன் ஜேவிக்கும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத்தில் கிளம்பும்போதே அவர்களுடைய கிரைட் படகின் இயந்திரத் தண்டு உடைந்தது. சரிசெய்த பிறகுதான் புறப்பட்டார்கள். 1943 செப்டம்பர் 24 இரவு நீரோட்டம் எதிராக இருந்ததால் தோணிகள் திரும்பிவிட்டன. 26ஆம் தேதி சுபார் தீவிலிருந்து போய்க் குண்டு வைத்தார்கள். பதினான்கு பேரும் உயிரோடு வீடு சேர்ந்தார்கள். அதே லயன் மறு வருடம் ரிமாவ் என்ற இரண்டாவது தாக்குதலுக்குப் போனபோது, அவரையும் சேர்த்து 23 பேரில் ஒருவரும் திரும்பி வரவில்லை. ஜேவிக்கைப் பார், தம்பி. திரும்பி வந்துதான் மறுபடி போனார்கள்.

'கன்ஸ் ஆஃப் நவரோன்' உனக்கு மனப்பாடம். பாறை ஏறும்போது பிராங்க்ளினின் கால் முறிகிறது. அதற்குப் பிறகு பாதிப் படம் அவரைத் தூக்குவதிலேயே போகிறது. கடைசியில் பொய்த் தகவலைக் காதில் போட்டு ஜெர்மானியரிடமே விட்டுவிடுகிறார் தலைமை ஏற்ற மாலரி. ஒருவர் கால் போனால் குழுவே நொண்டும்.

உன் கமாண்டோ சிவப்புத் தொப்பிப் படத்தை ஹாலில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். ஆனால் பாராசூட்டில் தரை தொடும்போது இரண்டு காலும் சேர்ந்து எடை வாங்கவேண்டும். ஒன்று தயங்கினால் மற்றது முறியும். இது உனக்குச் சொல்லிக்கொடுத்ததுதானே? தொப்பி வாங்கியவனுக்கு அம்மாவுக்கு ஒரு போன் போட நேரமில்லையா?

படி இறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாயாம். பாட்டி சொன்னாள். நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை கேம்ப் டாக்டர் எம்.ஓ.வைப் பார். 'கொஞ்சம் வலி' என்று மழுப்பாதே. எந்தக் கால், ஏறும்போதா இறங்கும்போதா, காலையில் வீக்கம் இருக்கிறதா, எல்லாம் சொல். ஜம்ப்புக்கு முன்னாலேயே சொல். எம்.சி. (மருத்துவ விடுப்பு) கொடுத்தால் வீட்டுக்கு வா, பாட்டி வீட்டுக்கு அல்ல.

அம்மா