பேரனுக்குத் தாத்தா பெயர்

அன்புள்ள முருகேசா,

உனக்கு மகன் பிறந்த செய்தி கிடைத்தது. உன் அப்பா பெயரையே வைத்திருக்கிறீர்கள் என்று படித்ததும், அவர் திண்ணையில் உட்கார்ந்து நமக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்ததெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் ஆபீஸில் பக்கத்து மேஜை அம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“தாத்தா பெயரா? அப்புறம் குழந்தை சேட்டை பண்ணினால் யாரைத் திட்டுவீர்கள்?”

வியட்நாமில் இந்த சைகோனுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, இது எனக்குத் தெரியவில்லை பார். இங்கே பெரியவர்கள் பெயரைக் குழந்தைக்கு வைப்பது அவர்களை அவமதிப்பது மாதிரி. இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி பெயர்களையும் கேட்டு, அவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் பெயரே தேடுவார்களாம். நமக்கோ ‘பெயரன்’தான் பேரன் ஆனான்.

அரசர் காலத்தில் கெடுபிடி இன்னும் அதிகம். ஹுவே நகரத்தில் டோங் பா என்று பெரிய மார்க்கெட் இருக்கிறது. அது முதலில் டோங் ஹோவா. ஹோவா என்றால் பூ. தியூ சி அரசரின் தாயார் பெயரும் அதுவே என்பதால் ஊரே அந்தச் சொல்லை விழுங்க வேண்டியதாயிற்று. வடக்கே ஹோவாங் என்று சொல்லும் குடும்பப் பெயர் தெற்கே ஹுயின் ஆனதும் இப்படித்தான். தெற்கை ஆண்ட பிரபு ஒருவரின் பெயர் ஹோவாங்.

குடும்பப் பெயர் என்றதும் நான் பட்ட அசடு நினைவுக்கு வருகிறது. வந்த புதிதில் ஒரு கம்பெனிக்கு ‘மிஸ்டர் ங்வியென்’ என்று மெயில் போட்டேன். எந்த ங்வியென் என்று பதில் வந்தது. அங்கே ஏழு பேர்! ‘ஙே’ என்று விழிப்பதற்கு மட்டும் நாம் வைத்திருந்த எழுத்தில் இந்த நாட்டில் பத்துக்கு நாலு பேரின் பெயர் தொடங்குகிறது. 1232இல் ட்ரன் வம்சம் ஆட்சியில் இருந்தபோது, தோற்ற லீ வம்சத்தார் எல்லாரும் ங்வியென் என்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. பிறகு 1802 முதல் 1945 வரை ஆண்டதே ங்வியென் வம்சம். கூட்டம் சேராமல் என்ன செய்யும்?

அதனால் ஆளைக் கூப்பிடுவது கடைசியில் வரும் சொந்தப் பெயரால்தான். பிரெஞ்சுக்காரர்களை தியன் பியன் பூவில் தோற்கடித்தாரே ஜெனரல் கியாப், அவருடைய குடும்பப் பெயர் வோ. நம் இனிஷியல் மாதிரி அது முன்னால் சும்மா நிற்கிறது. கல்யாணம் ஆனாலும் பெண்கள் அதை மாற்றுவதில்லை. இந்த வழக்கத்துக்கு விலக்கு, இந்நாட்டின் விடுதலைத் தலைவர் ஹோ சி மின். அவரைக் குடும்பப் பெயரால் ‘பாக் ஹோ’ என்பார்கள். ஆங்கிலத்தில் வெறும் மாமா ஆக்கிவிட்டார்கள், ஆனால் பாக் என்றால் அப்பாவின் அண்ணன். நமக்கு ஒரு சிரமமும் இல்லை, பெரியப்பா!

கிராமத்துப் பக்கம் குழந்தைக்கு அசிங்கமாக ஒரு கூப்பிடு பெயர் வைத்து, கெட்ட ஆவி தீண்டாமல் ஏமாற்றும் வழக்கமும் உண்டு. நம் பிச்சையையும் குப்புசாமியையும் சொன்னேன், மேஜை அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு என் அம்மா கதையைச் சொன்னேன். எங்கள் அண்ணனுக்குத் தாத்தா பெயர்தானே. மாமனார் பெயர் ஆயிற்றே என்று அம்மா ஒரு நாளும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எப்போதும் ‘பெரியவன்’தான். ரேஷன் கடையில் கார்டில் உள்ள பெயர்களை வரிசையாகக் கேட்டால், அந்த இடம் வந்ததும் என் முதுகில் ஒரு குத்து விட்டு, “நீ சொல்லுடா” என்பாள். நானும் தாத்தா பெயரை மூச்சு விடாமல் கத்திவிட்டு ஓடிவிடுவேன்.

“பெயரையும் வைத்துவிட்டு, கூப்பிடவும் மாட்டீர்களா?” என்று அந்த அம்மா வாயைப் பிளந்தார். அதற்கு எனக்குப் பதில் வரவில்லை.

சரி, உன் வீட்டில் என்ன நடக்கிறது? தங்கச்சிக்கும் அது மாமனார் பெயர்தானே. வாய் திறந்து கூப்பிடுகிறாளா, இல்லை குட்டி, ராசா என்று சமாளிக்கிறாளா? விசாரித்து எழுது. மேஜை அம்மா தினம் கேட்கிறார்.

உன்
சேது