பூவிலேயே கொட்டும் பீன்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தண்டையார்பேட்டையில் 26 ஆண்டுகளாகக் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்குக் கோயம்பேடு போய் மூட்டை எடுப்பவள். கோடையில் பீன்ஸ் விலை ஏறும்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் என்னைத்தான் கோபித்துக்கொள்கிறார்கள். காரணம் செடியில் இருக்கிறது. பீன்ஸ் குளிர்ச்சி தேடும் பயிர். பகலில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் மகரந்தம் வீரியம் இழக்கிறது. பிஞ்சு பிடிக்காமலே பூ கொட்டிவிடுகிறது. அதனால்தான் நீலகிரி, கொடைக்கானல், ஓசூர்ப் பக்கத்தை நம்பியிருக்கிறோம். அங்கும் வெயில் கூடினால், பயிரை இன்னும் மேலே கொண்டுபோக மலை ஏது?

கொலம்பியாவிலுள்ள பன்னாட்டு ஆய்வு மையம் வெப்பம் தாங்கும் பீன்ஸ் ரகங்களை 2015-இல் அறிவித்தது. பாலை நிலத்து டெபாரி பீன்ஸுடன் இனக்கலப்புச் செய்து உருவாக்கியவையும் அவற்றில் உண்டு. நம் மலைகளுக்கும் அத்தகைய ரகங்கள் வேண்டும்.

அவரையின் கதை வேறு. என் அம்மா மீஞ்சூரில் ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை, பகல் பொழுது சுருங்கிய பிறகுதான் பூக்கும். பொங்கல் குழம்புக்குக் காய் தரும். இப்போது மழை பருவம் தப்புகிறது, அல்லது ஒரே நாளில் கொட்டி வேரை அழுக வைக்கிறது. மழைக்காக விதைப்பைத் தள்ளிப்போடலாம். பொழுதைத் தள்ளிப்போட முடியாது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘கோ’ செடி அவரை ரகங்கள் பொழுதின் நீளம் பார்க்காமல் காய்ப்பவை. அந்த விதை மீஞ்சூர், பொன்னேரி விவசாயிகளுக்கு உரிய நேரத்தில் கிடைக்க வேளாண் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

காய்கறி வியாபாரி,
தண்டையார்பேட்டை, சென்னை.