படியும் முழமும் தந்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

போன வாரம் ஐந்து நாளும் நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 17 பேரும் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அளவைகள் படித்தார்கள். பாடம் நடத்தியது நான் என்றுதான் பதிவேட்டில் இருக்கிறது. உண்மையில் நடத்தியவர்கள் யார் யார் என்று ஊருக்குத் தெரியட்டும்.

முதலில், காலை உணவு சமைக்கும் மகளிர் குழு அக்கா. திங்கட்கிழமை உப்புமா. ரவையை எடை போடும்போது பிள்ளைகளைக் கூப்பிட்டு, "தலைக்கு 50 கிராம், இன்னைக்கு 38 பேரு, எவ்வளவு போடணும்?" என்று கேட்டார். ஒருத்தி 190 கிராம் என்றாள். "அப்போ உனக்கு ஒரு ஸ்பூன் உப்புமாதான்" என்றார் அக்கா. தொலைந்துபோன சைபரை அந்தப் பிள்ளை அந்த நிமிஷமே கண்டுபிடித்துவிட்டாள். நான் கரும்பலகையில் பத்துத் தடவை போட்டுக் காட்டியிருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது.

கோவில் வாசல் பூக்காரம்மா செவ்வாய்க்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தார். தோவாளைச் சந்தையில் கிலோ கணக்கில் வாங்கும் பிச்சிப்பூ, ஊருக்குள் வந்ததும் முழக் கணக்காகிவிடுகிறது. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். அவர் ஐந்து முழம் என்று அளந்து கொடுத்த சரத்தை ஒரு மூன்றாம் வகுப்புப் பொடியன் எட்டிப் பார்த்துத் தன் கையால் அளந்தான். ஏழு முழத்துக்கும் மேலே போனது. "அப்போ கை நீளமான ஆளுகிட்டதான் டீச்சர் பூ வாங்கணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பூக்காரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மீட்டர் எதற்கு என்று சொல்ல நான் தயாரித்து வைத்திருந்த அரைப் பக்கக் குறிப்பு அதற்கப்புறம் தேவைப்படவில்லை. சரம் சரஸ்வதி படத்துக்குப் போனது.

மளிகைக்கடை அண்ணாச்சி பழைய தராசையும் இரும்பு எடைக்கற்களையும் கொடுத்து உதவினார். இப்போது கடையில் எல்லாம் எலக்ட்ரானிக் தராசு. பிள்ளைகளில் பாதிப் பேர் தட்டுத் தராசைத் தொட்டதே இல்லை. கல்லைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஈயம் ஊற்றிய குழியைக் காட்டி, "இதுலதான் முத்திரை குத்துவாங்க. இது இல்லாத கல்லை வச்சு நிறுத்தா அபராதம்" என்றார். அன்று சாயங்காலமே நாலைந்து பிள்ளைகள் தெருவில் காய் வண்டிக்காரரின் கல்லைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். அவர் கோபப்படாததற்கு அவருக்கும் ஒரு நன்றி.

வியாழக்கிழமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேலத்தெரு ஆச்சி, நெல்லும் அரிசியும் அளக்கும் தன் பித்தளைப் பூண் போட்ட படியையும் மரக்காலையும் பேத்தி தலையில் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் முந்தின நாளே பலகையில் "4 ஆழாக்கு = 1 படி" என்று பெரிதாக எழுதிவைத்திருந்தேன். பேத்தி அதைப் படித்துக் காட்டியதும் ஆச்சி என்னைப் பார்த்து, "ஏ டீச்சரம்மா, நாலு உழக்குல்லா ஒரு படி! ஆழாக்குன்னா எட்டு வேணும்லா" என்றார். 17 பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அழித்து எழுதினேன். எட்டுப் படி ஒரு மரக்கால், இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அப்புறம் நெல்லைக் கொட்டி அளந்து காட்டினார். முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லவில்லை. 'லாபம்' என்றுதான் தொடங்கினார். அடுத்ததுதான் ரெண்டு, மூணு. இரண்டு நாளாக என் வகுப்பில் வருகைக் கணக்குக்கூட லாபத்திலிருந்துதான் தொடங்குகிறது.

அந்தப் படியில் தண்ணீர் நிரப்பி லிட்டர் பாட்டிலில் ஊற்றினோம். ஒன்றரை லிட்டருக்கும் கொஞ்சம் மேலே வந்தது. ஊருக்கு ஊர் படி மாறும் என்று ஆச்சி சொன்னார். 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்த கதையை அந்த இடத்தில்தான் சொன்னேன். "வந்தா என்ன, நான் இன்னும் உழக்கு வச்சுத்தான் உலை வைக்கேன்" என்று அதையும் முடித்துவைத்தார் ஆச்சி.

வெள்ளிக்கிழமை இஞ்சி டேப் கொடுத்த தையல்கார அண்ணன், தன் ஒன்று முதல் மூன்று வகுப்புகளோடு என் சத்தத்தையும் ஐந்து நாள் பொறுத்துக்கொண்ட தலைமையாசிரியர், எல்லோருக்கும் நன்றி.

ஒரு பாக்கி இருக்கிறது. அண்ணாச்சி, உங்கள் 50 கிராம் கல் ஒன்று குறைந்ததே, அது கிடைத்துவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டு எலக்ட்ரானிக் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடுத்துப் போயிருக்கிறான். 2 கிராம் கூடுதலாகக் காட்டுகிறதாம். திங்கட்கிழமை அவனே கொண்டுவந்து தருவான். திட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
4, 5-ஆம் வகுப்பு ஆசிரியை